200 மீற்றர்

எங்கள் வீட்டுப் படலையில் இருந்து கடலுக்கு நூறு அடி இருக்குமா என்பதே சந்தேகம். மாரியில் வாடை எழும்பினால் நுரை பறந்து வந்து படலையில் ஒட்டும். அப்பா வள்ளக்காரர், அப்பாவின் அப்பா கரைவலைக்காரர், சித்தப்பாமார் மூன்று பேருக்கும் கடல்தான் தொழில். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து 22 வயது வரைக்கும் எனக்கு நீந்தத் தெரியாது. வெளியூர்க்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். திருகோணமலையில், எங்கள் திருக்கடலூரில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், ஏனென்றால் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பெண் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான். பொடியன்கள் நடக்கப் பழகும்போதே நீந்தவும் பழகிவிடுவார்கள். நாங்கள் கரையில் இருந்து கருவாடு காய வைப்போம்.

எனக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று எனக்கு ஒன்றரை வயது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ஓடிய ஓட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "முழங்காலுக்கு மேல தண்ணி பட்டா வீட்டுக்கு வராத." அந்தச் சட்டம் இருபது வருடம் செல்லுபடியாக இருந்தது.

சரி, இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடித்த நாளில் இருந்து சந்திக்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், "இனி என்ன பிளான்?" பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் கேட்கிறார்கள், மீன் சந்தையில் கேட்கிறார்கள், கனடாவில் இருக்கிற மாமி வட்ஸ்அப்பில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்கிறா. கேள்வி மாதிரித்தான் இருக்கும், ஆனால் பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். மாமியின் பதில் கனடா. பக்கத்து வீட்டு அன்ரியின் பதில் ஆசிரியர் வேலை, "பொம்பிளைப் பிள்ளைக்கு அதுதான் நிம்மதி". என் வகுப்பில் பாதிப் பேரின் பதில், ஏதாவது ஒரு ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு ஐ.ஈ.எல்.ரி.எஸ் ஆங்கிலப் பரீட்சைக்குப் படிப்பது. அவர்களைக் குறை சொல்லவில்லை. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்ற அண்ணாமார், விமான ரிக்கற்றைத் தவிர வேறு எதைக் கனவு காண்பார்கள்?

எனக்கும் பதினாறு வயதில் ஒரு பட்டியல் இருந்தது. சி.ஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், சிவப்புப் பேனையால். முதலாவது டொக்டர். இரண்டாவது ஸ்கூட்டி, அதுவும் நீல நிறம். மூன்றாவது வீட்டுக்கு மேல்மாடி, கடல் பக்கம் பார்த்த பல்கனியோடு. நான்காவதை அடித்து வெட்டியிருக்கிறேன், என்னவென்று இப்போது எனக்கே விளங்கவில்லை, ஒரு ஆளின் பெயராக இருக்கலாம், விடுங்கள்.

டொக்டர் என்று எழுதியது நான் இல்லை. கை என்னுடையது, அவ்வளவுதான். பயோ எடுத்த பிள்ளை டொக்டர் என்றுதான் எழுதவேண்டும் என்பது ரியூசன் கொட்டிலில் யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் இருப்பதால் கொஞ்சம் குறைந்த இசட் ஸ்கோரே (கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) போதும் என்று ஒரு சேர் ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார். பின்தங்கியவர்கள் என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் வேறு கண்டதில்லை. கம்பஸ் இடங்களில் மாவட்டக் கோட்டா 55 வீதம், அகில இலங்கைத் திறமை 40 வீதம், எங்களைப் போன்ற மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்று அவர் பலகையில் எழுதிய கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். ஏ.எல் மூன்று தரம் எழுதினேன். மூன்றாவது தரம் 2024 நவம்பரில். பரீட்சை தொடங்கியதுமே புயல் மழை வந்து, இடையில் நிறுத்தி, பிறகு நடத்தினார்கள். வெள்ளம் நின்ற அறையில் கட்டில் மேல் ஏறி இருந்து படித்தேன். ரிசல்ட் வந்தபோது மருத்துவத்துக்குக் கிட்டவும் இல்லை. மூன்று தரத்துக்கு மேல் எழுதினாலும் கம்பஸ் அனுமதிக்கு எடுக்கமாட்டார்கள், அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எடுத்திருந்தால் நாலாவது தரமும் எழுத வைத்திருப்பார்கள்.

அழுதேன்தான். ஒரு கிழமை. அப்புறம் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நேரம் வந்தது.

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை. என் இசட் ஸ்கோருக்குச் சித்த மருத்துவம் கிடைக்கும் சாத்தியம் இருந்தது, அதுவும் இங்கேயே, கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில். பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலம், பின்னேரம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம், பெயருக்கு முன்னால் டொக்டரும் போடலாம். அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் முதல் விருப்பமாகப் போட்டது றுகுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞானம். மாத்தறையில். இலங்கைப் படத்தை எடுத்து விரித்தால் நாங்கள் இருக்கிற மூலையில் இருந்து இதைவிடத் தூரமாகப் போகவேண்டும் என்றால் கடலில்தான் விழவேண்டும். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து கரையோர ரயிலில் மாத்தறை. ஆங்கிலத்தில் படிப்பு, விடுதியில் சிங்களம். என் சிங்களம் பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கும் அளவுக்குத்தான் இருக்கிறது.

"மீன் பிடிக்கிறதுக்கும் கம்பஸ் போகோணுமே?" என்று அம்மா கேட்டா. "உன்ர கொப்பர் எந்தக் கம்பஸில படிச்சவர்?"

அப்பா அப்போது வலை பொத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த மாதிரி இருந்தது.

ஏன் கடல் விஞ்ஞானம் என்று எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. தொடக்கம் எங்கே என்று மட்டும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆனி மாதம், கோணேசர் கோவிலுக்குப் போய்விட்டு இராவணன் வெட்டுப் பக்கம் நின்றேன். கோட்டை வாசலில் வாங்கின கச்சானைக் கொறித்துக்கொண்டு, கச்சான் காற்றில் தாவணி பறக்க. (எங்கள் பக்கம் காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர், அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும்.) தூரத்தில் ஒரு வெள்ளைப் புகை எழும்பி அழிந்தது. வள்ளத்து எஞ்சின் புகை என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கே வள்ளம் இல்லை. திரும்பவும் எழும்பியது, நேராக, உயரமாக. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு முதுகு, நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. முடிகிறது என்று நினைத்தால் முடியவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சோற்றில் இருந்து கையை எடுக்கவில்லை. "ஓம், இந்தக் காலத்தில நிக்கும். கிட்டப் போனா மூச்சு நாறும் மகள்." அவ்வளவுதான். முப்பது வருடமாக உலகத்திலேயே பெரிய உயிருக்குப் பக்கத்தில் வலை போடுகிற மனிதருக்கு அது ஒரு நாற்றம்.

அதன்பிறகு தேடித் தேடி வாசித்தேன். நீலத் திமிங்கிலம் எங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்குக் காரணம் கடலின் அடி. மற்ற ஊர்களில் கடல் மெல்ல மெல்ல ஆழமாகும். இங்கே துறைமுகத்து வாயிலில் இருந்தே ஒரு பள்ளத்தாக்கு தொடங்கிக் கீழே இறங்குகிறது, 3,000 மீற்றருக்கு மேல். இலங்கையின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையைத் தூக்கி அதற்குள் இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது. ஆழத்தைத் தேடுகிற திமிங்கிலத்துக்கு நடுக்கடல் வரைக்கும் போகத் தேவையில்லை, கோவில் மணி கேட்கிற தூரத்திலேயே அது இருக்கிறது. வெள்ளைக்காரன் இந்தத் துறைமுகத்துக்காக ஏன் அப்படி அடிபட்டான் என்று சரித்திரப் பாடத்தில் படித்தோம், 1942 இல் ஜப்பான்காரன் ஏன் இங்கே குண்டு போட்டான் என்று படித்தோம், அந்த ஆழத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பாடத்திலும் வரவில்லை. 1980களிலேயே வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் பாய்க்கப்பல் ஒன்றில் வந்து இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு யுத்தம். யார் கடலுக்குப் போவது, யார் எண்ணுவது?

ஆஷா டி வோஸ் என்ற பெயரையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கொழும்பில் வளர்ந்தவர், கடல் பாலூட்டிகள் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர். 2003 இல் இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலத்தின் மலம் சிவப்பாக மிதப்பதைக் கண்டுதான் இவை இங்கேயே இரை தின்கின்றன என்று யோசிக்கத் தொடங்கினாராம். மலத்தைப் பார்த்து வாழ்க்கையைத் தீர்மானித்த ஒரு பெண் இருக்கிறா என்றால், நாறும் மூச்சைப் பார்த்து நான் தீர்மானிப்பதில் என்ன பிழை?

இன்னொரு கணக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது. மாத்தறைக்குப் பக்கத்தில்தான் மிரிச. அங்கே திமிங்கிலம் பார்க்கிற சீசன் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. அங்கே கடல் குழம்பத் தொடங்கும் நேரத்தில் எங்கள் பக்கம் கடல் தெளியும், இங்கே சீசன் தொடங்கும். ஆக, படிக்கிற காலத்தில் அங்கே, லீவு கிடைத்தால் இங்கே, வருடம் முழுக்க எங்காவது ஒரு கரையில் எனக்கு வேலை இருக்கும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "திமிங்கிலத்துக்குப் பின்னால திரியிற பிள்ளைய ஆர் கட்டுறது?" என்றா. அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன், இங்கே எழுத மாட்டேன்.

படித்து முடித்து என்ன செய்வாய் என்றால், திரும்பி வருவேன். இதைச் சொன்னால்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். போகிறவர்கள் போவதற்காகத்தான் போகிறார்கள் என்பது இங்கே பழகிவிட்டது.

என் ஆசை பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இல்லை. ஒரு கொப்பி. அப்பாவுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைக்கிற ஒரு கொப்பி. புறாத்தீவுக்குப் பக்கத்தில் எந்தக் கல்லில் கலவாய் ஒதுங்கும், எந்த நீரோட்டத்தில் கும்பிளா வரும், ஓரா எப்போது முட்டை போடும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கிற பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது, அவர் சொல்கிற பெயர் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் பவளப்பாறை என்று படித்தோம், அப்பா முருகைக்கல் என்பார். அவர் சின்ன வயதில் கண்ட முருகைக்கல் இப்போது எங்கெங்கே இல்லை என்று ஒருநாள் வள்ளத்தின் ஓரத்தில் நகத்தால் கீறிக் காட்டினார். எந்த இடத்தில் டைனமைட் போட்டு உடைத்தார்கள், எந்த இடத்தில் தானாக வெளிறிச் செத்தது என்று. கடல் சூடேறி உலகம் முழுக்க முருகைக்கல் வெளிறிய கதையை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா தன் கடலில் அப்படி வெளிறிய ஒரு வருடத்தை "கல்லெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி நிண்ட வருசம்" என்றார். இரண்டும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு அவசரமும் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனபோது அப்பா மூன்று கிழமை வள்ளத்தை இறக்கவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் நிழலில் படுத்துக் கிடந்தார். அந்த மூன்று கிழமையில்தான் அவருக்கு வயது போயிருக்கிறது என்று கண்டேன். தம்பி கடலுக்குப் போகமாட்டான், அவன் கொம்பியூட்டர் படிக்கப் போகிறானாம், போகட்டும். அப்பாவோடு அந்தப் பெயர்கள் எல்லாம் கரையேறிவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

சரி, நீச்சலுக்கு வருகிறேன்.

கடலுக்கு மேலே இருந்து மட்டும் கடலைப் படிக்க முடியாது, ஸ்கூபா பழகவேண்டும். உப்புவெளியில் டைவிங் கடை ஒன்றில் வேலை செய்கிற மச்சாளிடம் கேட்டேன். முதல் கோர்ஸ் முடித்தால் 18 மீற்றர் ஆழம் வரைக்கும் போகலாம். காசு எங்கள் வீட்டின் மூன்று மாதச் செலவு, அதை விடுங்கள், அதற்குமுன் ஒரு நிபந்தனை: நிற்காமல் 200 மீற்றர் நீந்தவேண்டும், பிறகு பத்து நிமிடம் மிதக்கவேண்டும். ஜேர்மனியில் இருந்து வந்த அறுபது வயதுப் பாட்டி ஒருவர் அதைச் செய்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருந்து 15 கிலோமீற்றரில் நிலாவெளி, அதற்கு முன்னால் புறாத்தீவு, அதைத் தேசியப் பூங்காவாக்கியது நான் பிறந்த அதே 2003 இல். என் வயதுக்காரத் தீவு. உலகம் முழுக்க இருந்து வந்து அதன் தண்ணிக்குள் முகம் வைத்துப் பார்க்கிறார்கள், நான் கரையில் இருந்து பார்த்ததோடு சரி.

என்னுடைய கோச் என் தம்பி. வயது 14. காலை ஐந்தரைக்கு, ஆட்கள் வருவதற்கு முன், நீளச் சேர்ட்டும் டைட்ஸும் போட்டுக்கொண்டு டச்சுக் குடாவில் இறங்கினோம். அங்கே அலை குறைவு. எங்களைத் தவிர ஒரு நாயும், கோட்டைப் பக்கம் இருந்து வந்து குப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த இரண்டு மான்களும்தான். முதல் நாள் முழங்கால். இரண்டாம் நாள் இடுப்பு. இடுப்புக்குத் தண்ணி வந்ததும் எனக்கு மூச்சு அடைத்தது, பயமில்லை, அம்மாவின் குரல். தம்பி பொறுமைசாலி இல்லை. "அக்கா, நீங்க தண்ணியோட சண்டை பிடிக்கிறீங்க. அது வெல்லும்" என்று கத்தினான்.

ஐந்தாம் நாள் மல்லாக்கப் படுக்கச் சொன்னான். தலைக்குக் கீழே அவன் கை. காது இரண்டும் தண்ணிக்குள் போனதும் ஊர்ச் சத்தம் எல்லாம் நின்றது. நாய், ஓட்டோ, பாங்குச் சத்தம், எல்லாம். அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டது, பொரிகிற சத்தம். மணலில் கச்சான் வறுக்கும்போது வெடிக்குமே, அந்தமாதிரி, நாலாபக்கமும், நிற்காமல். காதில் தண்ணி போய்விட்டது என்று எழும்பினேன். எழும்பினால் இல்லை. திரும்பப் படுத்தேன், திரும்பவும் பொரிந்தது. அன்றைக்குப் பின்னேரம் தேடிப் பார்த்தால், அது இறாலாம். விரலளவு கூட இல்லாத ஒரு வகை இறால், கல்லிடுக்கில் இருந்துகொண்டு ஒரு கொடுக்கைச் சொடுக்கினால் வருகிற சத்தம். மட்டக்களப்பார் தங்கள் பாடும் மீனைப் பற்றி எவ்வளவு பீத்திக்கொள்கிறார்கள், எங்கள் கடல் பொரிகிறதென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே. அப்பாவிடம் கேட்டேன். "ஓம், வள்ளத்தில படுத்தா அடியில கேக்கும்" என்றார். பெயர் இருக்கிறதா என்றேன். யோசித்தார். இல்லையாம். கொப்பியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

தம்பி கையை எப்போது எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது அவன் கரையில் நின்று மானுக்குக் கல்லெறிந்துகொண்டிருந்தான்.

இன்றைய நிலவரம்: 80 மீற்றர். அதற்குமேல் கை கழன்றுவிடும்போல் இருக்கிறது. மிதப்பது ஏழு நிமிடம். ஸ்கூட்டிக்குச் சேர்த்த காசு டைவிங் கணக்குக்கு மாறியிருக்கிறது, பாதி கூட வரவில்லை, பின்னேரங்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பஸ் வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. கனடா மாமி இந்த ஞாயிறும் எடுத்தவ. கோணேசர் மலையின் அடியில் தண்ணிக்குள் பழைய கோவில் தூண்கள் கிடக்கின்றன, 1622 இல் போர்த்துக்கேயர் இடித்தது, 1956 இல் ஆர்தர் சி. கிளார்க் சுழியோடிப் பார்த்தார், நானும் ஒருநாள் பார்ப்பேன் என்று சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க கீழ சாமி இருந்தா எனக்கும் சேத்துக் கும்பிடு" என்றா. ஒத்துக்கொண்டாவா, கைவிட்டாவா தெரியாது.

அம்மாவுக்குத் தெரியாமல் போய்வருகிறோம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம். நேற்று விடிய நாங்கள் புறப்பட்டபோது படலைக்குப் பக்கத்தில் கதிரையில் துவாய் மடித்து வைத்திருந்தது, இரண்டு துவாய், பக்கத்தில் ஒரு போத்தல் இஞ்சித் தேத்தண்ணி. அம்மா குசினிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்கு இதுவரை நான் கொடுக்கவேண்டிய கோச் காசு ஆறு கொத்து ரொட்டி, அதில் இரண்டு கணவாய்க் கொத்து.